கழுத்தில் இரண்டு சுற்று

கரியாலூர்
11-10-1987

அன்புள்ள அம்சாவுக்கு,

அண்ணன் உயிரோடுதான் இருக்கிறேன். முதல் வரியிலேயே இதைச் சொல்லிவிட்டால் மீதியை நீ பதறாமல் படிப்பாய். இதைக் கொண்டுவருகிறவர் பெயர் ராமன். கடுக்காய் விற்கக் கள்ளக்குறிச்சிக்கு இறங்குகிறவர். அவர் வீட்டில்தான் பதுங்கியிருக்கிறேன். அவருக்கும் அவர் வீட்டுக்காரி பழனியம்மாளுக்கும் நான் செய்த ஒரே நன்மை, மூன்று வருடத்துக்கு முன்னால் சந்தையில் செடி விற்கும்போது ஒரு மல்லிப் பதியனைச் சும்மா கொடுத்தது. அதற்கு இன்றைக்குச் சாமைச் சோறு போடுகிறார்கள். இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் உட்கார்ந்தவனுக்கு, சாமை மூட்டைக்குப் பின்னால் ஒரு பாய் அகலம் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

மறியல் வாரத்தில் நம் ரோட்டில் விழுந்த புளியமரத்துக்கு என் பெயரைத்தான் முதலில் எழுதியிருக்கிறார்களாம். மரம் அறுக்கிற வாள் என்னுடையது, அதை மறைக்கவில்லை. இரவல் கொடுத்தேன். அறுத்தது யாரென்று எனக்குத் தெரியாது. அம்மாவிடமும் மாப்பிள்ளையிடமும் இதையே சொல்.

தபாலைப் பிரித்துப் பார்க்கிறார்கள். அதனால் தபாலில் எழுதினால் உறை மேல் ராமன் பெயரைப் போடு, உள்ளே ராமண்ணன் என்று கூப்பிடு, செடி விஷயம் மட்டும் எழுது. நானும் ராமன் என்றே கையெழுத்துப் போடுவேன். மனதில் இருப்பதை ஆள் கையில் கொடுத்தனுப்பும்போது எழுதிக்கொள்வோம்.

ஓடிவந்த அன்று சட்டைப் பையில் பன்னிரண்டு மனோரஞ்சித விதை கிடந்தது. இலைமக்கில் ஊன்றியிருக்கிறேன். காய்ந்தால் முளைக்காது, தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். எல்லாம் சரியாக இருந்தாலும் மூன்று நான்கு மாதம் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். அதுவரை கை சும்மா இருக்காது. கிணற்றடி மனோரஞ்சிதக் கொடியிலிருந்து நடுகிற குச்சியாகப் பத்துப் போத்து வெட்டி ஈரச் சாக்கில் சுற்றி ராமனிடம் கொடு. பென்சில் கனம் போதும். மேல் நுனியைச் சாய்வாக வெட்டு, அடியை நேராக வெட்டு. இல்லாவிட்டால் எது தலை எது கால் என்று தெரியாமல் தலைகீழாக நட்டுவிடுவோம்.

உனக்குத் தையில் பிரசவம். அதற்குள் எல்லாம் அடங்கிவிடும். தாய்மாமன் சீரோடு வருவேன்.

உன் அண்ணன்
தங்கதுரை

*

களமருதூர்
13-10-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

உயிரோடு இருக்கிறேன் என்று முதல் வரியில் எழுதினதற்குச் சந்தோஷம். இரண்டாம் வரியில் ஒரு மன்னிப்பும் எழுதியிருக்கலாம். நீ ஓடினதிலிருந்து இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பெண்பிள்ளைகள்தான். பிரசவத்துக்கு என்று பிறந்த வீட்டுக்கு வந்தேன். இப்போது நானே காவலில் இருக்கிறேன். தெருக்குழாய்க்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது, திரும்பி வந்தால் மறுபடி தொடங்குகிறது.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு ஏட்டு வருகிறார். போன வாரம் ரிஷிவந்தியத்திலிருந்து நந்தவனம் பார்க்கிற அம்மாசி கார்டு போட்டிருந்தார். "கொடி எப்போது கிடைக்கும்? நட இடம் தயார்" என்று இரண்டே வரி. ஏட்டு கார்டை மடியில் வைத்துக்கொண்டு என்னை உட்காரவைத்துக் கேட்டார். "இன்னா கொடிம்மா இது? எத்தினி கொடி? எங்கெங்க நடப் போறீங்க?" சங்கக் கொடி என்று நினைத்துக்கொண்டார். நான் கிணற்றடிக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். பழுத்த பூ ஒன்றைப் பறித்துக் கொடுத்து, ஏதாவது ஒரு பழத்தை நினைத்துக்கொண்டு முகருங்கள் என்றேன். பலாப்பழத்தை நினைத்தாராம். அதே வாசனை வருகிறது என்று சொல்லிக் குழந்தை மாதிரி சிரித்தார். இப்போது வருகிறபோதெல்லாம் ஒரு பூ வேண்டும். கொடிக்கு அடியிலேயே ஸ்டூல் போட்டு உட்காருகிறார்.

அந்த வாசனைக்குப் பாம்பு வரும், கொடியை வேரோடு வெட்ட வேண்டும் என்கிறாள் அம்மா. "புள்ளத்தாச்சி இருக்கிற வூட்டுல பாம்பைக் கூப்புட்டு வெச்சிக்கினு இருக்கிறீங்களே" என்று தினமும் ஒரு பாட்டம். ஏட்டு பூக் கேட்பதால்தான் அரிவாளை எடுக்கவில்லை. உன்னைப் பிடிக்க வந்தவர் உன் செடியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

போத்து பத்து இருக்கிறது. சாய்வாகவும் நேராகவும் வெட்டியிருக்கிறேன். மரத்தை நீ அறுக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நம்பினார்களா என்று கேட்காதே.

அம்சவள்ளி

*

கரியாலூர்
22-11-1987

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே நல்ல மழை. பாதை இரண்டு இடத்தில் அறுந்துவிட்டது, மூட்டையோடு ஒருவரும் இறங்க முடியாது. தபால் மட்டும் எப்படியோ ஏறி இறங்குகிறது.

பத்துப் போத்தில் எட்டு தளிர் விட்டது. அந்தச் சந்தோஷத்தில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரே இல்லை. உள்ளே இருந்த சாற்றை வைத்துக்கொண்டு பச்சை காட்டியிருக்கிறது. பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருந்தும் இலையை நம்பி ஏமாந்தேன். இப்போது மீதி ஏழும் கருகிக்கொண்டு வருகிறது. விதையிலும் சத்தமில்லை.

மனோரஞ்சிதத்துக்குப் பதியன்தான் கைகொடுக்கும். முற்றாத கிளையாகப் பார்த்து ஒரு விரல்கடை அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுத்துவிடு. செம்மண்ணும் தேங்காய் நாரும் பிசைந்து அப்பி, ஈரச் சாக்கால் சுற்றிக் கழுத்தை இறுக்கிக் கட்டு. தினமும் நனைக்க வேண்டும். தைக்கு முன்னால் வேர் வராது, அவசரப்பட்டு அவிழ்க்காதே. வந்ததும் ஒரு வரி போடு. அதை ரிஷிவந்தியத்துக்காரருக்குக் கொடுத்துவிடலாம்.

பனி இறங்கினால் இங்கே ஒருவரும் வெளியே போவதில்லை. நானும் செடியும் வைத்த இடத்தில் இருக்கிறோம்.

ராமன்

*

களமருதூர்
12-12-1987

அன்புள்ள ராமண்ணனுக்கு,

இங்கு நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

கொடி விஷயம். தையில்தான் என்று இருந்தோம், கார்த்திகையிலேயே வந்துவிட்டது. ஆறாம் தேதி. கழுத்தில் இரண்டு சுற்று. நிறமே மாறியிருந்தது. கைபட்டவர் பக்குவமாக அவிழ்த்தார், பிறகு நல்ல நிறம் வந்தது. சிறிசுதான், ஆனால் பிழைத்துக்கொண்டது என்றே நினைக்கிறேன்.

கொடி சுற்றினால் யார் வந்து பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறது. அதுவரை ரிஷிவந்தியத்தார் எடுத்துப்போக மாட்டார்களாம். வந்து எட்டிப் பார்க்கவும் மாட்டார்களாம். என்ன செய்வது என்று எழுதுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்சவள்ளி

*

கரியாலூர்
29-12-1987

அன்புள்ள தங்கைக்கு,

முதல்வர் காலமானதில் பஸ் ஓடாமல் உன் கடிதம் எங்கேயோ கிடந்து நேற்றுத்தான் கைக்கு வந்தது.

கார்த்திகையிலேயே வந்துவிட்டதா? உன் கை ராசியான கைதான். ஆனால் யார் அவிழ்க்கச் சொன்னது? கழுத்தில் சுற்றினது அப்படியே இருந்திருக்க வேண்டும். நிறம் மாறினால் அது பிழைக்காது, நான் எத்தனை பார்த்திருக்கிறேன். எண்ணெய் எதற்கு? எண்ணெய் பட்டால் கருகிவிடும். சாம்பல் தூவு, போதும்.

இதை வந்து பார்க்க யாரும் மெனக்கெட வேண்டாம். ரிஷிவந்தியத்தார் எடுத்துப்போகாவிட்டால் போகட்டும், அவர்கள் ஒருவர்தானா இருக்கிறார்கள்? தேறாது என்று தெரிந்தால் குப்பைக்குழியில் போட்டுவிட்டு வேறு போட்டுக்கொள்ளலாம். இதற்கெல்லாம் பயப்படுவாயா? சின்ன விஷயம்.

ராமன்

*

களமருதூர்
6-1-1988

அண்ணனுக்கு,

இதைப் பழனியம்மாள் அக்கா கையில் கொடுத்தனுப்புகிறேன். பாதை சரியானதும் என்னைப் பார்க்க வந்தார்கள். அதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. எட்டாம் மாதத்திலேயே, கார்த்திகையில். தொப்புள்கொடி கழுத்தில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு, நீலம் பாரித்து வந்தாள். மருத்துவச்சி அவிழ்த்து, தலைகீழாகப் பிடித்துத் தட்டினபிறகுதான் அழுதாள். நான் எழுதின கொடி இதுதான்.

உன் பதில் வந்த அன்று என் வீட்டுக்காரர் இரண்டு மாதம் கழித்து வந்திருந்தார், மாமியாரையும் அழைத்துக்கொண்டு. கொடி சுற்றின பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது, மாமன் எண்ணெயில் அதன் முகத்தைப் பார்த்துத் தோஷம் கழித்தபிறகுதான் அது தகப்பன் வீட்டுக்குள் போகலாம் என்பது அவர்கள் வழக்கம், நம் வழக்கமும்தான். மாமன் எப்போது வருகிறான் என்று கேட்கத்தான் வந்தார்கள். தபால்காரர் உறையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ராமன் யாரென்று வீட்டில் தெரியும். அவரே பிரித்துச் சத்தமாகப் படித்தார்.

நீ எழுதினதை நீயே ஒருமுறை நினைத்துப் பார். பிழைக்காது. வந்து பார்க்க யாரும் மெனக்கெட வேண்டாம். குப்பைக்குழியில் போட்டுவிட்டு வேறு போட்டுக்கொள்ளலாம். குழந்தை என் மடியில் இருந்தாள். மாமியார் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு வெளியே போனார். அம்மா சுவரில் முட்டிக்கொண்டாள். அவர் ஒன்றே ஒன்று சொன்னார். "உங்க அண்ணன் வந்து எண்ணெய்ல பாக்கட்டும், சொன்ன வார்த்தைய வாபஸ் வாங்கட்டும். அப்பால தூக்கிக்கினு போறேன். இல்லாங்காட்டி இங்கியே இருங்க."

இரண்டு நாள் உன்னைச் சபித்தேன். மூன்றாம் நாள் பதியனுக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோதுதான் சுரீரென்றது. கொடி என்று எழுதினால் உனக்குச் செடிதான் தெரியும், கழுத்து என்றால் பதியன் கட்டின கழுத்துதான் தெரியும், ரிஷிவந்தியத்தார் என்றால் என் மாமியார் வீடு இல்லை, அம்மாசிதான். அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன், பிறகு அழுதேன். இதை அவர்களிடம் சொன்னேன். நம்பவில்லை. வேறு யாராக இருந்தாலும் நானும் நம்பமாட்டேன்.

ஏட்டுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. முந்தாநாள் பூ வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "எனுக்கும் தங்கச்சி இருக்குதும்மா. கொடி சுத்துன புள்ளைக்கு மாமன் வராம இருக்கமாட்டான்." இப்போது தினமும் வருகிறார்.

வா என்று எழுதினால் நானே உன்னைப் பிடித்துக்கொடுத்த மாதிரி. வராதே என்று எழுதினால் என் மகளுக்குத் தகப்பன் வீடு இல்லை. ஒரு மாதம் இந்த அறையிலேயே இருந்துவிட்டேன் என்று நினைக்கிறேன், எண்ணவில்லை. நீயே முடிவு செய்.

அம்சா

*

கரியாலூர்
17-1-1988

அம்சா,

உன் கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்னாலேயே பழனியம்மாள் வாசலில் நின்று சொல்லிவிட்டாள். "பொண்ணு பொறந்திருக்குது சாமி. நீ செடின்னு நெனச்சிக்கினியா?" எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதன் பிறகு படித்தேன். நான்கு முறை படித்தேன். குப்பைக்குழி என்று எழுதின கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இதை ராமன் கையில் கொடுத்தனுப்புகிறேன், வருகிற புதன்கிழமை பகலில் நானே வருகிறேன். மூன்று மாதத் தாடி இருக்கிறது, ராமனுடைய போர்வையும் கடுக்காய் மூட்டையும் இருக்கின்றன. பழனியம்மாளும் கூட வருவாள். மலையிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள் என்று நேரே உள்ளே வந்துவிடுவோம். பயந்து ஒளிந்து வந்தால்தான் சந்தேகம் வரும். பித்தளைத் தட்டில் நல்லெண்ணெய் ஊற்றி வை. மாமியாரையும் மாப்பிள்ளையையும் வரச்சொல்லி ஆள் அனுப்பு. அவர்கள் கண்ணுக்கு முன்னால் பார்க்க வேண்டும், பிறகு பேச்சு வரக்கூடாது.

இங்கே இருந்தாலும் நான் வெளியில் இருக்கிறேன் என்று அர்த்தமில்லை. சாமை மூட்டையைப் பார்த்துக்கொண்டே நாள் போகிறது. தும்மினால்கூட யாருக்குக் கேட்குமோ என்று இருக்கிறது.

போத்து எல்லாம் போய்விட்டது. விதைப் பாத்தியைத் தினமும் நனைத்துவிட்டு மண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாளை மறுநாள் கிளம்பும்போது ராமனிடம் ஒப்படைப்பேன்.

தங்கதுரை

*

சிறைச்சாலை, கடலூர்
3-2-1988

அன்புள்ள அம்சாவுக்கு,

இந்தக் கடிதத்தை இங்கே உள்ள அதிகாரி படித்து முத்திரை குத்தின பிறகுதான் உனக்கு வரும். அது தெரிந்துதான் எழுதுகிறேன். உடம்பு சுகம். சோறு நேரத்துக்கு வருகிறது.

எப்படிப் பிடிபட்டேன் என்று நீ யோசித்துக்கொண்டே இருப்பாய். உன் மேல் தப்பில்லை. மூட்டையோடு கிணற்றடியைத் தாண்டும்போது, கொடியையே வெட்டச் சொன்ன அம்மா தகர டப்பாவில் நட்டுவைத்திருந்த போத்து கண்ணில் பட்டது. சாய்வாக வெட்டின நுனி மண்ணுக்குள் இருந்தது. தலைகீழ். மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப் பிடுங்கித் திருப்பி நட்டேன். கை அதுபாட்டுக்குச் செய்துவிட்டது. நிமிர்ந்தால் ஸ்டூலில் இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடுக்கா விக்க வந்தவனுக்குப் போத்து தலைகீழா இருந்தா இன்னா, நேரா இருந்தா இன்னா?" என்றார். பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தட்டுக்கு முன்னால் நான் உட்காருகிறவரை திருப்பவில்லை. இதற்கு மேல் அவரைப் பற்றி எழுதமாட்டேன்.

எண்ணெயில் முகம் பார்த்தேன். கொட்டாவி விட்டாள். தலையை நிமிர்த்தி நேரே பார்ப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது, முதுகில் கை விழுந்துவிட்டது. உன் மகளை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை.

இப்போது வீட்டில் என்ன பேசுவார்கள் என்று தெரியும். மாமனுக்கு ஆகாது என்றார்களே, பார்த்த நிமிடமே பிடித்துக்கொடுத்துவிட்டாள் பார் என்பார்கள். அம்மாவே சொல்லியிருப்பாள். குழந்தை பள்ளிக்கூடம் போகிற வயதிலும் சொல்வார்கள், அவள் கல்யாணத்திலும் சொல்வார்கள். ஆகவே கீழே எழுதியிருப்பதை எல்லோரையும் உட்காரவைத்து நீ சத்தமாகப் படிக்க வேண்டும்.

வாள் இரவல் போகவில்லை. அந்தப் புளியமரத்தை அறுத்தது நான்தான். தங்கதுரையாகிய நான், என் கையால், செப்டம்பர் பதினேழாம் தேதி பகல் பதினொரு மணிக்கு. மற்றவர்கள் அறுத்தால் வீடுகள் பக்கம் சாயும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியும், சரியாக ரோட்டின் குறுக்கே போட்டேன். நம் பிள்ளைகளுக்குப் படிப்பிலும் வேலையிலும் ஒரு இடம் வேண்டும் என்று செய்தேன். மரத்துக்காக இன்றைக்கும் மனது கஷ்டப்படுகிறது. என்னை இங்கே கொண்டுவந்தது அந்த மரமும் என் வாளும். டிசம்பர் ஆறாம் தேதி பிறந்தவளுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. குப்பைக்குழி என்று எழுதினது செடியை நினைத்து. அதையும் வாபஸ் வாங்குகிறேன்.

வக்கீல் இதைப் பார்த்தால் திட்டுவார். திட்டட்டும்.

ஒரு சந்தேகம். எண்ணெயில் இடக்கன்னத்தில் ஒரு மச்சம் தெரிந்தது. எண்ணெயில் பார்த்தால் இடமும் வலமும் மாறித் தெரியும் இல்லையா? அப்படியானால் நேரில் எந்தக் கன்னம்? இங்கே படுத்துக்கொண்டு அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன், சரியாக வரமாட்டேன் என்கிறது. மறக்காமல் எழுது.

உன் அண்ணன்
தங்கதுரை

*

ரிஷிவந்தியம்
16-2-1988

அன்புள்ள அண்ணனுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். மாசி பிறந்ததும் வந்து அழைத்துப் போனார்கள்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அம்மா, அவர், மாமியார், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரையும் உட்காரவைத்து, புளியமரம் வருகிற இடத்தை இரண்டு முறை படித்தேன். மாமியார் எழுந்து வந்து என் மடியிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். கைப்பட எழுதிக்கொடுத்தவனை நான் எப்படி வெளியே எடுப்பேன் என்று என்னிடம்தான் கத்தினார். உன்னை உள்ளே வைத்துத்தான் நான் வெளியே வந்திருக்கிறேன். அதை நினைக்கும்போது இந்த வீட்டுச் சோறு இறங்கமாட்டேன் என்கிறது. வெளியே என்றும் சொல்லமுடியாது, இங்கேயும் ஒரு அறைதான், ஜன்னல் மட்டும் கொஞ்சம் பெரிசு.

கட்டின இரண்டு பதியனும் வேர் விட்டன. நீ சொன்ன மாதிரி தையில்தான். ஒன்றை அம்மாசிக்குக் கொடுத்தேன், இன்னொன்றை இங்கே கொண்டுவந்து நட்டேன். நீ திருப்பி நட்ட போத்தும் தளிர் விட்டிருக்கிறது. இலையை நம்பவில்லை, பிடுங்கிப் பார்க்கவும் இல்லை.

ராமண்ணன் ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினார். பன்னிரண்டு விதையில் நான்கு முளைத்துவிட்டதாம். ஒன்று இன்னும் விதையோட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு நிற்கிறதாம். உரித்துவிடலாமா என்று கேட்கிறார். வேண்டாம், நனைத்துக்கொண்டிருங்கள், தானாக விழட்டும் என்று சொல்லச் சொன்னேன். சரிதானே?

நீ கேட்டதற்குப் பதில். வலக்கன்னம். ஆனால் அது மச்சம் இல்லை அண்ணா. அன்று காலையில் நீ வருகிறாய் என்று கண்ணேறு படாமல் இருக்க நான் வைத்த மைப்பொட்டு. குளிப்பாட்டினதும் போய்விட்டது. உன் கடிதம் வந்ததிலிருந்து தினமும் அதே இடத்தில் வைக்கிறேன். நீ வரும்போது பார்த்த முகமாகவே இருப்பாள்.

உன் தங்கை
அம்சவள்ளி